குழந்தையிடம் பாடம் கேட்ட மாண்டிசோரி அம்மையார்



திருமுதுகுன்றம் என்று பழையோர் வழங்கிய விருத்தாசலத்தை வெளியூரார் இரண்டு காரணங்களால் அறிவர். ஒன்று மணிமுத்தாற்றங்கரையில் நிற்கும் திருக்கோயில். மற்றொன்று பீங்கான் தொழில். உளுந்தூர்ப்பேட்டையை அடுத்த திருநறுங்கொண்டையில் அப்பாண்டைநாதரைத் தரிசிக்கச் செல்லும் நம்மவர்க்கு இவ்வூர் வழியிடையே தங்கும் ஊராகவும் பழக்கமானது. இங்குள்ள பீங்கான் தொழிற்பேட்டையில் களிமண் கூழ் அச்சில் வார்க்கப்பட்டு, காற்றில் உலர்ந்து, சூளையில் வெந்து, பொம்மையாகவும் அகலாகவும் மின்சாரச் சாதனங்களுக்குரிய உறுப்புகளாகவும் வெளிவருவதைக் காணலாம்.

இத்தொழிலைப் பார்க்கும் ஆசிரியர் எவர்க்கும் ஓர் உவமை தானே தோன்றும். குழந்தை களிமண்; ஆசிரியர் குயவர்; விரும்பிய வடிவில் வனைந்து எடுப்பதே கல்வி. ஆசிரியப் பயிற்சி மாணவியர்க்கு இவ்வுவமையைப் பல ஆண்டுகள் நானும் சொல்லி வந்தேன். அது பாதி உண்மையே என்பதைப் பின்னர் உணர்ந்தேன். அவ்வுணர்வைத் தந்தவர், இத்தாலி நாட்டில் பிறந்து, நம் சென்னை அடையாற்றிலும் கோடைக்கானலிலும் பல ஆண்டுகள் வாழ்ந்து, 1952-ஆம் ஆண்டில் மறைந்த மரியா மாண்டிசோரி அம்மையார் ஆவார்.

இன்று தொடக்கக் கல்வியைப் பற்றிப் பேசுவோர் திறன் என்றும் ஒழுக்கம் என்றும் இரண்டு கணக்குகள் வைத்திருக்கின்றனர். திறனுக்குத் தேர்வு உண்டு, பதிவேடு உண்டு. ஒழுக்கத்துக்கு வாரத்தில் ஒரு நீதிபோதனை வகுப்பு உண்டு. அதுவும் பெரும்பாலும் கணக்குப் பாடத்துக்குக் கடனாகப் போய்விடும். இவ்விரண்டும் ஒன்றே என்பதைத் தம் வாழ்நாள் முழுவதும் குழந்தைகளைக் கொண்டே மெய்ப்பித்தவர் மாண்டிசோரி. அவர் வரலாற்றை நம் குடும்பங்கள் அறிந்திருத்தல் நன்று.

பிறப்பும் படிப்பும்

இத்தாலியில் அன்கோனா நகருக்கு அருகிலுள்ள கியாரவல்லே என்னும் சிற்றூரில் 1870 ஆகஸ்ட் 31-ஆம் நாள் மரியா பிறந்தார். தந்தையார் அரசு அலுவலர். தாயார் நூல் பயிற்சியில் விருப்பம் மிக்கவர். மகளின் கல்வியை முன்னிட்டும் தந்தையின் பணியை முன்னிட்டும் குடும்பம் ரோமாபுரிக்குக் குடிபெயர்ந்தது.

அக்காலத்தில் படித்த பெண்ணுக்கு இருந்த ஒரே வழி ஆசிரியப் பணி. மரியாவோ அதை வேண்டாம் என்றார்! முதலில் பொறியியலுக்குரிய தொழில்நுட்பப் பள்ளியில் சேர்ந்தார். பின்னர் மருத்துவம் கற்க விரும்பினார். தந்தை உடன்படவில்லை, தாய் துணை நின்றார். மருத்துவக் கல்லூரியில் ஆண் மாணவருடன் சேர்ந்து பிணத்தை அறுத்துப் பயிலுதல் பெண்ணுக்குத் தகாது என்று கருதப்பட்டதால், வகுப்புகள் முடிந்தபின் தனியே இருந்து அப்பயிற்சியைச் செய்ய நேர்ந்தது. அஞ்சாமல் செய்தார். 1896-இல் ரோமாபுரிப் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்று, அந்நாட்டின் முதற் பெண் மருத்துவர்களுள் ஒருவரானார். ஆசிரியர் ஆகமாட்டேன் என்றவர் உலகின் ஆசிரியர்களுக்கெல்லாம் ஆசிரியர் ஆனது வினைப்பயனின் விந்தை என்றே சொல்லத் தோன்றுகிறது.

ரொட்டித் துணுக்கு கற்பித்த பாடம்

பட்டம் பெற்றபின் பல்கலைக்கழக மனநோய் மருத்துவப் பிரிவில் பணியேற்றார். மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளை மனநோயாளருடன் ஒரே விடுதியில் அடைத்து வைத்திருந்த காலம் அது. ஒரு விடுதியில், உணவு முடிந்ததும் குழந்தைகள் தரையில் விழுந்து ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்குவதை அவர் கண்டார். பேராசை பிடித்த பிள்ளைகள் என்று காவற்பெண் வெறுப்புடன் கூறினாள். மாண்டிசோரி அறையைச் சுற்றிப் பார்த்தார். வெறும் சுவர்கள். கையால் தொடுவதற்கு ஒரு பொருளும் இல்லை. அக்குழந்தைகளின் வயிறு நிறைந்திருந்தது. பசித்திருந்தது அவர்களுடைய கை என்று அவர் உணர்ந்தார்.

இத்தகைய குழந்தைகளுக்கு வேண்டியது மருந்தைவிடக் கல்வியே என்ற முடிவுக்கு அவர் வந்தார். அத்துறையில் முன்னர் உழைத்த இத்தார், செகேன் என்னும் பிரெஞ்சு மருத்துவர்களின் நூல்களைத் தேடிப் படித்தார். தம் கையாலேயே படியெடுத்து மொழிபெயர்த்தார். 1900-ஆம் ஆண்டில் ரோமாபுரியில் இக்குழந்தைகளுக்கென ஏற்பட்ட பள்ளியின் பொறுப்பை ஏற்று, காலை முதல் மாலை வரை அவர்களுடனேயே இருந்தார். எதற்கும் உதவாதவை என ஒதுக்கப்பட்ட குழந்தைகள் சிலர் எழுதவும் படிக்கவும் கற்று, பொதுப்பள்ளிப் பிள்ளைகளுக்குரிய தேர்வில் தேறினர். ஊரார் வியந்து பாராட்டினர். அம்மையாரின் எண்ணமோ வேறு பக்கம் சென்றது. குறையுள்ள குழந்தைகள் இவ்வளவு எட்டுமானால், குறையற்ற குழந்தைகளை இத்தனை தாழ்வாக நிறுத்தி வைத்திருக்கும் நம் பள்ளிகளில் என்ன கோளாறு என்று அவர் சிந்திக்கத் தொடங்கினார்.

சான் லொரென்ஸோவின் குழந்தைகள் இல்லம்

அவ்வினாவுக்கு விடை தேடும் வாய்ப்பு 1907-இல் வந்தது. ரோமாபுரியில் சான் லொரென்ஸோ என்பது ஏழைத் தொழிலாளர் வாழ்ந்த பகுதி. கட்டட நிறுவனம் ஒன்று அங்கே பழைய வீடுகளைப் புதுக்கிக் குடித்தனத்துக்கு விட்டது. பெற்றோர் வேலைக்குச் சென்றபின் குழந்தைகள் மாடிப்படிகளில் ஓடிச் சுவரைக் கிறுக்கிக் கெடுத்தனர். சுவரைக் காப்பாற்றுவதற்காகவே குழந்தைகளை ஓர் அறையில் வைத்துப் பார்த்துக்கொள்ள உரிமையாளர் முடிவு செய்தனர். அப்பொறுப்பு மாண்டிசோரியிடம் வந்தது. ஜனவரி 6-ஆம் நாள், ஆறு வயதுக்கு உட்பட்ட ஐம்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகளுடன் குழந்தைகள் இல்லம் திறக்கப்பட்டது. ஆசிரியப் பயிற்சி பெறாத ஒரு பெண்மணியே அதைக் கவனித்துக்கொண்டார். ஆசிரியப் பயிற்சியிலேயே வாழ்நாளைக் கழித்த என்போன்றோர் இச்செய்தியைச் சற்றுத் தலைகுனிந்துதான் படிக்க வேண்டியிருக்கிறது.

அம்மையார் அங்கே போதிக்கவில்லை, கவனித்தார். மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி, மரக்கட்டையில் அமைந்த குழிகளில் அவ்வவற்றிற்குரிய உருளைகளைப் பொருத்திக்கொண்டிருந்தாள். முடித்தாள்; எல்லாவற்றையும் எடுத்தாள்; மீண்டும் பொருத்தினாள். மற்றக் குழந்தைகளைச் சுற்றிலும் பாடச் சொன்னார், அவள் திரும்பவில்லை. அவள் அமர்ந்த நாற்காலியோடு மேசைமேல் தூக்கி வைத்தார். அவள் உருளைகளை மடியில் வைத்துக்கொண்டு தொடர்ந்தாள். நாற்பது முறைக்கும் மேல் செய்து முடித்து, உறங்கி எழுந்தவள்போல் தெளிந்த முகத்துடன் நிமிர்ந்தாள். சிறு குழந்தைக்கு மனம் ஒருநிலைப்படாது என்று நூல்கள் சொல்லியிருந்தன. தனக்கேற்ற வேலை கையில் கிடைத்தால் ஒருநிலைப்படும் என்பதை அச்சிறுமி காட்டினாள்.

மற்றொரு நாள், கருவிகள் வைத்த அலமாரியைப் பூட்ட அப்பெண்மணி மறந்துவிட்டார். மறுநாள் வந்து பார்த்தால், பிள்ளைகள் தாங்களே திறந்து வேண்டிய கருவிகளை எடுத்து வேலை செய்துகொண்டிருந்தனர். இது திருட்டு என்று அவர் சினந்தார். ஒவ்வொரு குழந்தைக்கும் தனக்கு வேண்டியது எது என்று தெரிந்திருக்கிறது என்பதே அம்மையார் கண்ட பொருள். அன்றுமுதல் பூட்டிய உயர்ந்த அலமாரி போய், குழந்தைக்கு எட்டும் தாழ்ந்த அலமாரி வந்தது.

மூக்கைச் சிந்துவது எப்படி என்று ஒருநாள் பாடம் நடத்தினார். கைக்குட்டையை அமைதியாக எடுத்து, பிறர் அறியாவண்ணம் துடைத்துக் காட்டினார். பிள்ளைகள் சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தார். அவர்களோ கைதட்டி மகிழ்ந்தனர்! மூக்கொழுகுகிறது என்று நாள்தோறும் ஏச்சுக் கேட்ட குழந்தைகளுக்கு, அதை எப்படித் துடைப்பது என்று மதிப்போடு எவரும் சொல்லித் தந்ததில்லை.

எழுத்துகளை உப்புத்தாளில் வெட்டி அட்டையில் ஒட்டி, விரலால் தடவச் செய்தார். நம் திண்ணைப் பள்ளிகளில் மணலில் விரல் வைத்து எழுதிய முறைக்கு இது தொலைவன்று. சில திங்கள் சென்றபின், நான்கு ஐந்து வயதுப் பிள்ளைகள் எவரும் வற்புறுத்தாமலே திடீரென எழுதத் தொடங்கினர். சுண்ணக்கட்டி கிடைத்த இடமெல்லாம் எழுத்தாயிற்று. சுவரைக் கெடுத்த அதே கைகள்தாம் இவை என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

உடையும் தட்டு

இவ்வரலாற்றில் பீங்கான் நகரத்தாராகிய நமக்கு மிகவும் நெருக்கமான ஒரு பகுதி உண்டு. குழந்தைகள் இல்லத்தில் உணவு பரிமாறும் பொறுப்பு குழந்தைகளுடையது. அவர்கள் கையில் தரப்பட்டவை உடையாத தகரத் தட்டுகள் அல்ல; உண்மையான பீங்கான் தட்டுகளும் கண்ணாடிக் குவளைகளுமே. நான்கு வயதுப் பிள்ளை சூடான கஞ்சிக் கலத்தை ஏந்தி மேசை மேசையாகச் சென்று பரிமாறும். பார்க்க வந்த பெரியோர் நெஞ்சம் பதைத்தது. குழந்தையின் கை பதறவில்லை.

அம்மையாரின் எண்ணம் இதுதான். உடையாத தட்டு குழந்தையின் கவனக்குறைவை மறைத்துவிடும். எறிந்தாலும் இடித்தாலும் அது அப்படியே இருக்கும்; குழந்தை எதையும் கற்காது. பீங்கான் தட்டோ தவறினால் உடையும். அங்கே ஏச வேண்டியதில்லை, அடிக்க வேண்டியதில்லை, அறிவுரையும் தேவையில்லை. தன் பிழையைக் குழந்தை தானே காண்கிறது. அடுத்த முறை தானே திருத்திக்கொள்கிறது. தட்டைச் சிந்தாமல் ஏந்துவது ஒரு திறன். தட்டை உண்டாக்கியவர் உழைப்பையும், பசித்திருப்பவர் உணவையும், அருகில் அமர்ந்திருப்பவர் மேனியையும் எண்ணி அடி வைப்பது ஒழுக்கம். இவ்விரண்டையும் பிரித்துத் தனித்தனியே கற்பிக்க எவராலும் இயலுமா?

தரையில் ஒரு கோடு வரைந்து அதன்மேல் நடக்கச் செய்வதும் அவர் முறை. சில சமயம் கையில் நீர் நிறைந்த குவளை இருக்கும். சில சமயம் ஒலிக்காமல் ஏந்த வேண்டிய மணி இருக்கும். மௌனப் பயிற்சி என்பது இன்னொன்று. நான்கு மாதக் கைக்குழந்தை ஒன்றை ஒருநாள் அறைக்குள் எடுத்துவந்து, அதன் மூச்சு எத்துணை மெல்லியது என்று பிள்ளைகளுக்குக் காட்டினார். அதைப்போல் அசையாதிருக்க முயன்ற பிள்ளைகள், அறை முழுதும் நிசப்தமானதை உணர்ந்து இன்புற்றனர். பிரம்பால் வராத அமைதி விருப்பத்தால் வந்தது.

இப்பயிற்சிகளைப் படிக்கும் சமணர்க்கு நம் முனிவர்களின் ஐந்து சமிதிகள் நினைவுக்கு வராமல் இரா. உயிர்க்கு ஊறு நேராவண்ணம் பார்த்து நடப்பது ஈரியா சமிதி. பொருள்களைக் கவனத்துடன் எடுப்பதும் வைப்பதும் ஆதான நிக்ஷேபண சமிதி. மனம், மொழி, மெய் மூன்றையும் அடக்குவது குப்தி. அம்மையார் ஜைன ஆகமங்களைப் பயின்றவர் அல்லர். எனினும் அகிம்சை என்பது வாயால் சொல்லும் கொள்கையாக நின்றுவிடாமல், அடி வைப்பதிலும் கை நீட்டுவதிலும் பழக வேண்டிய பயிற்சி என்று நம் முன்னோர் கண்ட உண்மையை, அவர் சிறு பிள்ளைகளிடம் வேறு வழியாகக் கண்டார்.

புகழும் துயரும்

1909-இல் தம் முறையை நூலாக எழுதினார். 1912-இல் அது ஆங்கிலத்தில் வெளிவந்ததும் உலகெங்கும் புகழ் பரவியது. அமெரிக்காவில் 1915-இல் சான் பிரான்சிஸ்கோ பொருட்காட்சியில் கண்ணாடிச் சுவர் எழுப்பி, உள்ளே குழந்தைகள் பயில்வதை மக்கள் வெளியே நின்று பார்த்தனர். 1929-இல் சர்வதேச மாண்டிசோரி சங்கம் நிறுவப்பட்டது.

புகழை எழுதும்போது துயரையும் எழுதுதல் முறை. இளமையில் உடன் பணிபுரிந்த மருத்துவர் ஒருவரை அவர் நேசித்தார். 1898-இல் மரியோ என்னும் மகன் பிறந்தான். திருமணம் நிகழவில்லை. அக்காலச் சமூகத்துக்கு அஞ்சி, குழந்தை நாட்டுப்புறக் குடும்பம் ஒன்றில் வளர விடப்பட்டது. ஊர்க் குழந்தைகளுக்கெல்லாம் இல்லம் அமைத்தவர், தம் குழந்தையைத் தம் இல்லத்தில் வைத்துக்கொள்ள இயலவில்லை. தம் தாயார் 1912-இல் மறைந்தபின்னரே, ஏறத்தாழ பதினைந்து வயதான மகனைத் தம்முடன் அழைத்துக்கொண்டார். அதன்பின் மரியோ தாயின் வலக்கையாக இறுதிவரை உடன் உழைத்தார்.

மற்றொரு பிழையும் உண்டு. முசோலினியின் ஆட்சி தம் பள்ளிகளுக்கு அளித்த ஆதரவை 1924 முதல் அவர் ஏற்றார். கல்விக்கு யார் உதவினால் என்ன என்று எண்ணினார் போலும். ஆனால் தானே சிந்திக்கப் பழகிய குழந்தையைச் சர்வாதிகாரம் நெடுங்காலம் பொறுக்காது. குழந்தைகளைப் படைவீரராக்க விரும்பிய ஆட்சியோடு அவரால் ஒத்துப்போக முடியவில்லை. 1934-இல் தாய்நாட்டைத் துறந்தார். அங்கே அவர் பள்ளிகள் மூடப்பட்டன. ஜெர்மனியிலும் ஹிட்லர் ஆட்சி அவற்றை மூடியது. ஸ்பெயினில் குடியிருந்தார், 1936-இல் உள்நாட்டுப் போர் மூள, அங்கிருந்தும் வெளியேறி ஹாலந்தில் தஞ்சம் புகுந்தார். 1937-இல் கோபன்ஹேகனில் கூடிய மாநாட்டில், உலக அமைதிக்கு அடிப்படை குழந்தைக் கல்வியே என்று விரிவாக எடுத்துரைத்தார். போரை அரசியலார் தள்ளிப்போடலாம். அமைதியை வளர்ப்பது கல்வி ஒன்றே என்பது அவர் துணிபு.

அடையாறும் கோடைக்கானலும்

நம் நாட்டோடு அவருக்குத் தொடர்பு முன்னரே இருந்தது. 1931-இல் வட்டமேசை மாநாட்டுக்கு இலண்டன் சென்ற காந்தியடிகள் அம்மையாரைச் சந்தித்தார். அங்குள்ள மாண்டிசோரி ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியிலும் உரையாற்றினார். அகமதாபாத்தில் சமண மரபில் வந்த ஆலை அதிபர் அம்பாலால் சாராபாயும் அவர் துணைவியார் சரளாதேவியும், தம் மக்களுக்காக மாண்டிசோரி நெறியைத் தழுவிய பள்ளியை இல்லத்திலேயே அமைத்தனர். 1919-இல் பிறந்து அப்பள்ளியில் பயின்ற விக்ரம் சாராபாய், பிற்காலத்தில் இந்திய விண்வெளி ஆய்வின் தந்தையானார் என்பதை நம் இளைஞர்கள் அறிந்து மகிழலாம்.

பிரம்மஞான சபைத் தலைவர் ஜார்ஜ் அருண்டேலின் அழைப்பை ஏற்று, 1939 நவம்பரில், தம் அறுபத்தொன்பதாம் வயதில், மகனுடன் சென்னைக்கு வந்தார். அருண்டேலின் துணைவியாரே கலாக்ஷேத்திரத்தை நிறுவியவரும், பிற்காலத்தில் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்துக்குப் பாடுபட்டவருமாகிய ருக்மிணிதேவி. அடையாற்றில் பனையோலைக் குடில்கள் எழுந்தன. இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் ஏறத்தாழ முந்நூறு பேர் ஆசிரியப் பயிற்சிக்கு வந்து சேர்ந்தனர். அம்மையார் இத்தாலிய மொழியில் பேச, மரியோ ஆங்கிலத்தில் பெயர்த்துச் சொன்னார்.

சில மாதம் தங்கித் திரும்புவதாகத்தான் திட்டம். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கவே, இந்தியாவிலிருந்த இத்தாலியர் அனைவரும் பிரிட்டிஷ் அரசுக்குப் பகைநாட்டார் ஆயினர். மரியோ அகமதுநகரில் காவலில் வைக்கப்பட்டார். அம்மையார் அடையாற்று வளாகத்தை விட்டு வெளியேறக் கூடாதென்று ஆணை பிறந்தது. மகனை இளமையில் பிரிந்திருந்த தாய், முதுமையிலும் பிரிய நேர்ந்தது. அவ்வாண்டு ஆகஸ்ட் 31, அவருடைய எழுபதாம் பிறந்தநாள். அன்று இராஜப் பிரதிநிதியிடமிருந்து தந்தி வந்தது. பிறந்தநாள் பரிசாக மகனை விடுவிப்பதாக அதில் கண்டிருந்தது. நாற்பது ஆண்டுகளாக உலகத்தார் முன் மகன் என்று வெளிப்படச் சொல்லப்படாதவர், அந்த அரசாங்கத் தந்தியில் மகன் என்றே குறிக்கப்பட்டிருந்தார்.

1942 முதல் 1944 வரை தாயும் மகனும் கோடைக்கானலில் தங்கினர். இலங்கையைச் சேர்ந்த லீனா விக்ரமரத்னவும் உடனிருந்து உழைத்தார். இரண்டு வயது முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகள் அங்கே ஒன்றாகப் பயின்றனர். மலைச்சரிவில் பாசியும் பூச்சியும் பறவையும் பாறையும் பாடநூல் ஆயின. ஒவ்வோர் உயிரும் தனக்காக வாழ்வதுபோல் தோன்றினும் பிற உயிர்களுக்கும் உதவியே வாழ்கிறது. இப்பேரொழுங்கில் தன் இடம் எது, தான் செய்யவேண்டியது எது என்று குழந்தை சிந்திக்க வேண்டும் என்னும் பிரபஞ்சக் கல்வி முறை இங்கேதான் முழு உருப் பெற்றது. உயிர்கள் ஒன்றுக்கொன்று உபகாரமாய் உள்ளன என்று தத்துவார்த்த சூத்திரத்தில் உமாஸ்வாதி ஆசாரியர் உரைத்த கருத்தை அறிந்த நமக்கு, தமிழ்நாட்டு மலையொன்றில் அதே கருத்து குழந்தைப் பாடமாக மலர்ந்தது பெருமகிழ்ச்சி தருவதாகும்.

அடையாறு, கோடைக்கானல், அகமதாபாத், கராச்சி, கொழும்பு முதலிய இடங்களில் அவர் நடத்திய வகுப்புகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர் பயிற்சி பெற்றனர். 1946-இல் ஐரோப்பா திரும்பினார். மறு ஆண்டே மீண்டும் இந்தியா வந்து 1949 வரை பணியைத் தொடர்ந்தார். இந்திய விரிவுரைகளிலிருந்து உருவான நூல்கள் அடையாற்றிலேயே அச்சாயின. 1949, 1950, 1951 ஆகிய மூன்றாண்டுகளிலும் அமைதிக்கான நோபல் பரிசுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது, பரிசு கிட்டவில்லை. 1952 மே 6-ஆம் நாள் ஹாலந்தில் நூர்ட்விக் என்னும் கடற்கரை ஊரில், எண்பத்தொன்றாம் வயதில் மறைந்தார். இத்தாலி அரசு 1990-இல் வெளியிட்ட ஆயிரம் லிரா தாளில் அவர் உருவத்தைப் பொறித்தது. 2002-இல் யூரோ நாணயம் வரும்வரை அத்தாள் வழங்கிற்று.

பூட்டிய அலமாரி

இங்கே என் குறை ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். 1987-இல் தொடங்கிய கரும்பலகைத் திட்டத்தின் வழியே தொடக்கப் பள்ளிகளுக்கு அறிவியல் பெட்டியும் கணிதப் பெட்டியும் வந்தன. நான் அப்போது பணியாற்றிய பள்ளிக்கும் வந்தது. காணாமற் போனால், உடைந்தால், இருப்புப் பதிவேட்டுக்கு நான்தானே பதில் சொல்ல வேண்டும்? அலமாரியில் வைத்துப் பூட்டினேன். சில ஆண்டுகள் கழித்து ஆய்வு நடந்தபோது பொருள்கள் வந்த நாளில் இருந்தவாறே புத்தம் புதியனவாக இருந்தன. பாராட்டுப் பெற்றேன். அப்பள்ளியில் படித்த எத்தனையோ பிள்ளைகள் அவற்றைத் தொடாமலே ஐந்தாம் வகுப்பு முடித்துப் போயினர். சான் லொரென்ஸோவில் அலமாரியைப் பூட்ட மறந்த அப்பெண்மணியின் மறதி, என் கவனத்தைவிட எத்துணை மேலானது! கள்ளாமை என்னும் நோன்பைப் பற்றி நீதிபோதனை வகுப்பில் நானே உரையாற்றியும் இருக்கிறேன். பூட்டிய அலமாரிக்கு முன் நின்று கள்ளாமையைக் கற்பிக்க முடியாது என்பது அன்று எனக்கு விளங்கவில்லை. எடுத்ததை எடுத்த இடத்தில் வைக்கும் பழக்கமே அந்நோன்பின் முதற்படி. அப்பழக்கம் வர அலமாரி திறந்திருக்க வேண்டும்.

காலம் மாறியே வந்திருக்கிறது. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-இல் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007-ஆம் ஆண்டளவில் தமிழகத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் பரவியது. பிள்ளைகள் தரையில் பாய் விரித்து அமர்ந்தனர். தமக்குரிய அட்டையைத் தாமே எடுத்தனர். அவர்களுக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை வந்தது. அம்மையாரின் தாழ்ந்த அலமாரி ஒரு நூற்றாண்டு கழித்து நம் ஊர் அரசுப் பள்ளிக்கு வந்ததென்றே கொண்டேன். 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று குழந்தையின் நிலையறிந்து கற்பிக்கும் முறை வந்தது. இவை நல்லனவே. ஆனால் அட்டையும் கருவியும் மட்டும் போதா. அட்டையை முடித்தானா என்று பார்ப்பதோடு நில்லாமல், அதை எப்படி எடுத்தான், எப்படி வைத்தான், அடுத்தவனுக்காக எப்படிக் காத்திருந்தான் என்றும் ஆசிரியர் பார்க்க வேண்டும்.

மற்றொரு வருத்தமும் உண்டு. ஏழைத் தொழிலாளரின் குழந்தைகளுக்காகப் பிறந்த முறை, இன்று பல ஊர்களில் பெருங்கட்டணப் பள்ளிகளின் பெயர்ப்பலகையாகிவிட்டது. மாண்டிசோரி என்ற பெயரை யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்ற நிலையில், மூன்று வயதுக் குழந்தைக்கு வீட்டுப்பாடம் தரும் இடங்களும் அப்பெயரைத் தாங்கி நிற்கின்றன. பெற்றோர் பெயரைப் பாராமல் அலமாரியைப் பார்க்க வேண்டும். அது குழந்தைக்கு எட்டுகிறதா, திறந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

களிமண்ணும் குயவரும்

தொடக்கத்தில் சொன்ன உவமைக்குத் திரும்புவோம். நம் தத்துவ நூல்கள் காரணங்களை விளக்கும்போது எடுத்துக்காட்டுவதும் களிமண்ணையும் குயவரையுமே. குடமாக மாறும் ஆற்றல் களிமண்ணிடத்தே உள்ளது. அதுவே உபாதான காரணம். குயவரும் சக்கரமும் தண்டமும் நிமித்த காரணங்கள். குயவர் எவ்வளவு வல்லவரானாலும் மணலைக் கொண்டு குடம் வனைய இயலாது. ஜீவன் இயல்பிலேயே ஞானமுடையது. கருமத்திரை அதை மறைத்திருக்கிறது. அத்திரையை நீக்கும் முயற்சி அந்த ஜீவனுடையதே. குரு அதற்கு நிமித்தம் ஆகிறார். ஆகவே என் உவமையில் பிழை களிமண்ணில் இல்லை. குயவரே எல்லாம் என்று நான் எண்ணியதே பிழை. குழந்தை தன்னைத் தானே உருவாக்கிக்கொள்கிறது. நாம் இடையூறு செய்யாமல் துணை நிற்க வேண்டும் என்று மாண்டிசோரி அம்மையார் சொன்னதும் இதுவே.

சமண முனிவர்கள் உறைந்து அறமும் எழுத்தும் கற்பித்த இடம் பள்ளி. கல்விக்கூடத்துக்குத் தமிழில் வழங்கும் பெயரும் அதுவே. நன்னூல் செய்த பவணந்தி முனிவர் நல்லாசிரியர்க்கு நிலத்தை ஓர் உவமையாகக் கூறினார். நிலம் விதையை இழுத்து வளர்ப்பதில்லை. இடம் தந்து பொறுத்திருக்கிறது.

நம் இல்லங்களில் இதற்குப் புதிய கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை. நீரை வடிகட்டிப் பருகுவது நம் குலவழக்கம். ஐந்து வயதுக் குழந்தையிடம் ஒரு வெள்ளைத்துணியும் சிறு பாத்திரமும் தந்து, சிந்தாமல் வடிகட்டச் செய்யுங்கள். துணியை இரண்டாய் மடிப்பது கணக்கு. நீரைச் சீராய் ஊற்றுவது கைத்திறன். துணியில் தங்கிய சிற்றுயிரை நீருக்கே மெல்ல விடுவது அகிம்சை. மூன்றும் ஒரே செயலில் முடிந்துவிடுகின்றன. அரிசியில் கல்லும் பூச்சியும் பார்த்து எடுக்கவும், எறும்பு மிதிபடாமல் பெருக்கவும், பொழுது சாய்வதற்குள் உண்டு முடிக்கத் தட்டுகளை எடுத்து வைக்கவும் பிள்ளைகளைப் பழக்குங்கள். நேரம் சிறிது கூடுதலாகும்; தரை சற்று நனையும். பொறுத்தருளுங்கள்.

அடுத்த முறை திருநறுங்கொண்டை யாத்திரைக்கு விருத்தாசலம் வழியே செல்வோர், குழந்தைக்கென்று ஒரு பீங்கான் கிண்ணம் வாங்கிச் செல்லுங்கள். அதை அலமாரியில் அழகுக்கு வைக்காமல், குழந்தையின் கையில் கொடுங்கள். ஒரு நாள் அது உடையக்கூடும். அன்று ஏசாதீர்கள். துண்டுகளைப் பிறர் காலில் குத்தாதவாறு எப்படி அள்ளுவது என்று அருகிருந்து காட்டுங்கள்.

வாழ்க அறம்! வளர்க குழந்தைச் செல்வங்கள்!